போத்தலில் அளந்த மழை: ஒரு தோட்டப் பாடசாலையின் காலநிலைப் பாடம்

தரம் 9 தவணைப் பரீட்சையில் ‘காலநிலை மாற்றத்தின் விளைவுகள் இரண்டு தருக’ என்று கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் எழுதிய முதல் விடை, துருவப் பகுதியில் பனி உருகுகிறது என்பது. இரண்டாவது, வெண்கரடிகள் அழிகின்றன. விடை சரிதான், புள்ளியும் போட்டேன். அதே கிழமை, அந்தப் பிள்ளைகளில் சிலர் குடியிருக்கும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே தண்ணி வடியும் கான் அடைபட்டு, மழைத்தண்ணி பாதையில் இறங்கி, ஒரு வீட்டின் பின்சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. அதை ஒருத்தரும் எழுதவில்லை. அது பாடத்தில் சேரும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

அந்த விடைத்தாள்களில் தொடங்கிய ஒன்றரை வருட வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி, 600 பேருக்கு மேல் உயிரிழந்து, பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலைநாடு முழுக்க மண் சரிந்த பிறகு, வேறு பாடசாலை ஆசிரியர்கள் சிலர் எங்கள் வகுப்பில் என்ன செய்தோம் என்று கேட்டார்கள். இங்கே எழுதியிருப்பது அதற்கு முந்திய காலம். புயல் நாட்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பாடசாலை ஹப்புத்தளைப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலே. பிள்ளைகள் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். அம்மாமார் கொழுந்து பறிக்கிறார்கள். அப்பாமாரில் பாதிப் பேர் தோட்டத்தில், மீதிப் பேர் கொழும்பில் கடை வேலை, கட்டட வேலை. விஞ்ஞானமும் புவியியலும் நானே எடுக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடுதான், ஆனாலும் இந்த வேலைக்கு அது வசதியாகப் போனது. வளிமண்டலம் ஒரு பாடத்திலும், பாறை இன்னொரு பாடத்திலும், மண்ணரிப்பு மூன்றாவது பாடத்திலும் கிடந்தால் பிள்ளைக்கு மூன்றும் ஒட்டாது. மழை பெய்யும்போது மலையில் எல்லாம் ஒன்றாகத்தானே நடக்கிறது.

முதலில் பிழையாகப் போனது

காபனீரொட்சைட்டிலிருந்து தொடங்கினேன். 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். காபனீரொட்சைட்டு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது. 1859இல் ஜோன் டின்டால், இந்த வாயுவும் நீராவியும் வெப்பக் கதிர்களை உறிஞ்சுகின்றன என்று அளந்து காட்டினார். கதை நன்றாக இருக்கிறது, வகுப்பிலும் செய்யலாம் என்று நினைத்தேன். இரண்டு போத்தல், இரண்டு வெப்பமானி, அப்பச்சோடா, வினாகிரி. வெயிலில் வைத்தோம். வாயு நிறைந்த போத்தல் கொஞ்சம் கூடச் சூடானது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

அப்புறம் வாசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இவ்வளவு சின்னப் போத்தலில் வெப்பம் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. காபனீரொட்சைட்டு சாதாரண காற்றைவிடப் பாரமானது. அது அடியில் தங்கி மேலும் கீழும் கலப்பதைத் தடுக்கிறது, சூடு வெளியேற நேரம் எடுக்கிறது. வளிமண்டலத்தில் நடப்பது அது இல்லை. விடை சரியாக வந்தது, வந்த வழி பிழை. அடுத்த பாடத்தில் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன். ஒரு பையன், “அப்போ நாங்க கண்டது பொய்யா சேர்?” என்று கேட்டான். கண்டது உண்மை, அதற்கு நான் சொன்ன காரணம்தான் பிழை என்றேன். இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க ஒரு முழுப் பாடவேளை போனது. வீணாகப் போகவில்லை.

போத்தலுக்குப் பதிலாக வானத்தை எடுத்துக்கொண்டோம். மேகம் மூடிய ராத்திரியில் குளிர் குறைவு, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் ராத்திரியில் நடுக்கம் எடுக்கும். இது மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழுவதும் காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில்தான். நானுஓயாவில் மாமா இருக்கும் ஒரு பிள்ளை இதை எழுந்து நின்று விவரித்தாள். நிலம் இரவில் வெப்பத்தை மேலே விடுகிறது, மேகமும் நீராவியும் அதில் ஒரு பங்கை உறிஞ்சித் திரும்பக் கீழே அனுப்புகின்றன. காபனீரொட்சைட்டும் அந்த வேலையையே செய்கிறது, மேகம் மாதிரி கலைந்து போகாமல், இரவும் பகலும். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் வளியில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு அளவில் இருந்தது. ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315 அளவு. இப்போது 420க்கும் மேல். இந்த மூன்று எண்களையும் பலகையில் எழுதிவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளே கழித்துப் பார்த்தார்கள்.

வெப்பம் ஒரு பாகை கூடினால் என்ன, காலையில் அடிக்கிற குளிருக்கு நல்லதுதானே என்றும் ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. மேலே ஏற ஏற 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. அந்தக் கணக்கில் ஒரு பாகை கூடுவது, தோட்டத்தைப் பெயர்த்து 150 மீட்டர் கீழே இறக்கி வைப்பது மாதிரி. 1,200 மீட்டருக்கு மேலே விளைவதைத்தான் உயர்நிலத் தேயிலை என்கிறோம், அதன் வாசனைக்குத்தான் விலை. பிள்ளைகள் தங்கள் மலைகளின் உயரத்தைப் பார்த்து, எது எது கோட்டுக்குக் கீழே போகும் என்று கணக்குப் போட்டார்கள்.

மழையை அளந்தது

ஒரு பாகை சூடான காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இதைச் சொல்வது லேசு. அந்த 7 வீதம் என்ன செய்யும் என்று உணர, மழை என்றால் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். ‘நேற்று 60 மில்லிமீட்டர் பெய்தது’ என்று வானொலியில் கேட்டிருக்கிறார்கள். 60 மில்லிமீட்டர் என்றால் அடிமட்டத்தில் ஆறு சென்டிமீட்டர், அவ்வளவுதானா என்பதுதான் அவர்கள் எண்ணம்.

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்து, அதையே புனலாக வைத்தோம். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் அந்த மட்டம் வரை கூழாங்கல்லும் தண்ணியும் போட்டு, அங்கிருந்து பூச்சியம் என்று கோடு போட்டோம். வாயும் உடம்பும் ஒரே அகலம் என்றால், உள்ளே நிற்கும் தண்ணியின் உயரம்தான் மழையின் அளவு. கூரைத் தண்ணி தெறிக்காமல், மரத்தின் கீழ் வராமல், பக்கத்துச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, விளையாட்டு மைதானத்து ஓரத்தில் நட்டோம். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 வரையான 24 மணி நேரத்தைத்தான் ஒரு நாளாகக் கணக்கெடுக்கிறது. நாங்களும் 8.30க்கே எடுத்தோம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பாடசாலைக்குப் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் பொறுப்பேற்றான்.

இரண்டாம் மாதம் ஒருநாள் காலை 160 என்று எழுதியிருந்தது. என் நெஞ்சு ஒரு கணம் நின்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் 24 மணி நேரத்துக்கு 75 மில்லிமீட்டர் என்றால் முதல் கட்டம், விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் இரண்டாம் கட்டம், வெளியேறத் தயாராக வேண்டும். 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், வெளியேற வேண்டும். 160 பெய்த காலைக்கு வெளியே எல்லாம் ரொம்ப அமைதியாக இருந்தது. போய்ப் பார்த்தால், எங்கள் புனல் காற்றில் விழுந்துவிட்டதால் யாரோ வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றும் பெரிய புனலைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள். அதன் வாய் போத்தலைப் போல இரண்டு மடங்கு அகலம்.

அன்று விஞ்ஞானம் நிறுத்திக் கணிதம் நடந்தது. அகலம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நாலு மடங்கு, பிடித்த தண்ணியும் நாலு மடங்கு. அப்படியென்றால் உண்மையான மழை 40. வட்டத்தின் பரப்பு எதற்கு என்று வருடக்கணக்காகக் கேட்டுவந்த வகுப்பு அன்று கேட்கவில்லை.

மில்லிமீட்டரை லீற்றராக மாற்றியதுதான் எல்லாவற்றிலும் ஆழமாகப் பதிந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லீற்றர். பழைய லயக் காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஏறத்தாழ 11 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்த ஒரு காம்பராக் கூரையில் மட்டும் 1,100 லீற்றர் விழுகிறது. ஒரு ஏக்கர் மலையில்? 4,047 சதுர மீட்டர், 100ஆல் பெருக்கினால் 4 லட்சம் லீற்றருக்கு மேல். எடையில் 400 தொன். பத்தாயிரம் லீற்றர் பவுசர் (தண்ணி லொறி) நாற்பதைக் கொண்டுவந்து ஒரு ஏக்கரில் நிறுத்தினது மாதிரி. பலகையில் பவுசர் பவுசராக வரைந்த பையன் இருபதுக்கு மேல் இடமில்லாமல் நிறுத்தினான். தேயிலைச் செடிக்குக் கீழே, மண்ணுக்குள், இவ்வளவும் எங்கே போகும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். அடுத்த மூன்று கிழமைப் பாடத்தை அந்தக் கேள்விதான் நடத்தியது.

மலைக்கு உள்ளே

எங்கள் மலை மிகப் பழைய மலை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியன் என்ற புவியியல் காலத்துக்கு முந்திய உருமாறிய பாறை. நடுமலைநாடு முழுக்க அப்படித்தான். 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றாகக் கிடந்த கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் நடுவில், மிக ஆழத்தில் வெந்து மடிந்த பாறை இது. பாதை வெட்டிய சரிவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். கறுப்பு வெள்ளை வரியாக ஓடும் பாறையில் சிவப்புப் பொட்டு வைத்தது மாதிரி சின்னச் சின்ன மணிகள். அது கானெட். கிலோமீட்டர் கணக்கான ஆழத்தின் அழுத்தத்திலும் சூட்டிலும் உருவான மணி இன்று கைவிரல் நகத்தால் நெம்பினால் கழன்று வருகிறது. ஏனென்றால் அதைச் சுற்றியிருந்த பாறை உளுத்துப் போயிருக்கிறது. வெயிலும் மழையும் பாறையின் கனிமங்களைக் களிமண்ணாக மாற்றிவிட்டன. கீழே உறுதியான பாறை, மேலே உளுத்த பாறை, அதற்கும் மேலே எப்போதோ மேலிருந்து உருண்டு வந்து தங்கிய மண்ணும் கல்லும். அந்த மேல் அடுக்கில்தான் தேயிலை நிற்கிறது, லயமும் நிற்கிறது.

பாறையின் வரி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் காட்டினேன். மலைச்சரிவும் வரியும் ஒரே பக்கம் சாய்ந்தால், மேலிருக்கும் மண்ணுக்கு அது வழுக்கும் பலகை.

அந்தச் சொல்லைச் சொன்னதும்தான் பலகைப் பரிசோதனை வந்தது. மூன்று பழைய பெட்டிப் பலகை. கீழே செங்கல் வைத்து ஒரே சாய்வு. மூன்றிலும் ஒரே அளவு பாதையோர மண், லேசாகத் தட்டியது. முதலாவதில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதில் கரண்டியால் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கான் இழுத்து, ஓரத்தில் வடிய விட்டோம். மூன்றாவதில் அதே கானை இழுத்து, கடைசியில் புல்லும் களியும் வைத்து அடைத்தோம். ஓட்டை போட்ட போத்தலால் மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணி.

முதல் கொஞ்ச நேரம் ஈரம் மண்ணை இறுக்கிப் பிடிக்கிறது. இதைப் பிள்ளைகள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சத் தண்ணி ஒட்டும். இடைவெளி எல்லாம் நிரம்பிய பிறகு அதே தண்ணி மணலையும் மணலையும் விலக்கித் தள்ளும். முதலில் சரிந்தது மூன்றாவது பலகை. கான் அடைபட்ட அதே இடத்தில், வில் மாதிரி ஒரு வெடிப்பு விழுந்து, அதற்குக் கீழே இருந்த மண் அப்படியே ஒரு துண்டாக இறங்கியது. “சேர், கான் அடைச்சா கான் இல்லாததைவிட மோசமா?” என்றான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. அவனுடைய அப்பா கான் வெட்டுகிறவர். அடுத்த கிழமை அவரையே வகுப்புக்கு அழைத்தேன். கானுக்குள்ளே இடையிடையே மண் தடுப்பு விட்டு வெட்டினால் ஓடுகிற தண்ணி அங்கே தங்கி, கொண்டுவந்த மண்ணை அடியில் விட்டுவிட்டு மேலே வழிந்து போகும், தங்கிய மண்ணை அள்ளாமல் விட்டால் அதே கான் ஆளைக் கொல்லும் என்று மண்வெட்டியோடு நின்று விளக்கினார். நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. முன்னே இருபது பேர் வெட்டின கானை இப்போது நாலு பேர் வெட்டுகிறோம் என்றும் சொன்னார். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னேன்.

ஆனால் அந்தப் பரிசோதனையில் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். பலகையின் அடியில் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து லயம் என்று பிள்ளைகள் சொன்னபோது நான் தடுக்கவில்லை. மண் இறங்கித் தீப்பெட்டிகள் மூடியதும் வகுப்பு கைதட்டியது. ஒரு பிள்ளை மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2005லும் 2011லும் அந்த இடம் அபாயம் என்று எச்சரித்திருந்தார்கள். மக்கள் அங்கேயே இருந்தார்கள், போக வேறு இடம் இல்லாததால். அன்று காலை பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பித்து, திரும்பி வரும்போது வீடு இருந்த இடம் இல்லை. எழுந்து போன பிள்ளையின் சொந்தக்காரர் சிலர் அந்த லயத்தில் இருந்தவர்கள். அவள் அப்போது மிகச் சின்னப் பிள்ளை. ஆனாலும் அந்த வீட்டில் ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பேச்சு வரும்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பாயிதான் பேசினார். “புள்ளைக்குச் சொல்லாம இருந்தா மட்டும் மலை நின்னுருமா சேர்? சொல்லுங்க. ஆனா வெளாட்டா சொல்லாதீங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லிப்புட்டு என்னா செய்யணும்னும் சொல்லுங்க” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் பலகையின் கீழ் வீடு வைப்பதில்லை. பயத்தைத் தரும் எதைச் சொன்னாலும், அன்றே வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய ஒன்றையும் சேர்த்துச் சொல்லாமல் மணி அடிக்க விடுவதில்லை. அடுத்த நாள் பாடம் அடையாளங்கள் பற்றியது: நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று நின்றுபோவது, தெளிந்த பீலித் தண்ணி (மலை ஊற்றிலிருந்து வடியும் தண்ணி) கலங்கலாக வருவது. ஒவ்வொரு பிள்ளையும் தன் லயத்தைச் சுற்றி வந்து பார்த்து எழுதியது. 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்தை வீட்டுச் சுவரில் கரியால் எழுதினார்கள். ராத்திரியில் எந்தப் பாதையால் பாடசாலைக்கு வருவது என்று நடந்து பார்த்தோம். ஓடையைக் குறுக்கே தாண்டும் குறுக்குப்பாதையை வேண்டாம் என்று விட்டோம். அந்தப் பிள்ளை இரண்டு நாள் கழித்து வந்தாள். பீலித் தண்ணியின் நிறத்தைத் தினமும் எழுதும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மழைப் புத்தகம்

பிள்ளைகளின் போத்தல் ஒரு வருடத்தைத்தான் சொல்லும். காலநிலை என்று பேச 30 வருடச் சராசரி வேண்டும். இதை எங்கே தேடுவது? தோட்டக் காரியாலயத்திலேயே இருந்தது. பல தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் எழுதும் வழக்கம் பழையது. எங்கள் தோட்டத்திலும் பழைய பதிவேடுகள் ஒரு அலுமாரியில் கிடந்தன. மாத மொத்தங்களைப் பார்த்து எழுத அனுமதி கிடைத்தது. ஆறு பிள்ளைகள் மூன்று பின்னேரம் உட்கார்ந்து எழுதினார்கள்.

கொண்டுவந்த கொப்பியைப் பார்த்தால், பழைய வருடங்களில் மழையே இல்லை. 9, 11, 4 என்றுதான் மாத மொத்தம். பிந்திய வருடங்களில் 200, 300. ‘மழை முப்பது மடங்கு கூடிவிட்டது’ என்று ஒரு குழு தலைப்பே எழுதிவிட்டது. முன்னே அங்குலத்தில் எழுதினார்கள், பின்னே மில்லிமீட்டரில். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். மாற்றிப் போட்டதும் தலைப்பு விழுந்தது.

சரியாகப் போட்ட வரைபிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருடம் ஏறுகிறது, ஒரு வருடம் இறங்குகிறது, இடையில் சில வருடப் பதிவேடு இல்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ‘காலநிலை மாறிவிட்டது’ என்று தங்கள் கையாலேயே நிரூபிக்கலாம் என்று நினைத்திருந்தார்கள். ஒரு தோட்டத்து மழையில் அது லேசில் தெரியாது, பல நிலையங்களை நீண்ட காலத்துக்குச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். மொத்தம் மாறாமல் இருந்தாலும் அதே மழை குறைந்த நாட்களில் கொட்டினால் மலைக்கு அது வேறு மழை என்பதையும் சொன்னேன். இந்த இடத்தில் ஆசிரியர் நழுவினால் எல்லாம் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு பெருமழையையும் காட்டி இதுதான் காலநிலை மாற்றம் என்று சொல்லிக்கொடுத்தால், அடுத்த வருடம் மழை குறையும்போது பிள்ளை நம்மையும் நம்பாது, விஞ்ஞானத்தையும் நம்பாது.

தாத்தா, அப்பாயிமாரிடம் கேட்டு வந்ததையும் பக்கத்தில் ஒட்டினோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழையை எல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் காய்ந்து இறங்கும் காற்றை இங்கே கச்சான் என்கிறார்கள். அது வருகிற நாள் முன்னே மாதிரி இல்லை என்று பல பேர் சொன்னார்கள். அதை எண்ணாக மாற்ற முடியாது. ஆனாலும் தள்ளிவிடவில்லை, ‘சொன்னது’ என்ற தலைப்பின் கீழ் வைத்தோம். ‘அளந்தது’ வேறு பக்கம்.

பதிவேட்டில் ஒரு விஷயம் பிள்ளைகளைக் கடைசி வரை தொந்தரவு செய்தது. சில நாட்களுக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. அது மழை இல்லை என்பதா, அன்று அளக்கவில்லை என்பதா? யாருக்கும் தெரியவில்லை. எழுதினவர்கள் இப்போது இல்லை. பீலித் தண்ணிப் பிள்ளைதான் அதிகம் சண்டை பிடித்தாள், பூச்சியம் போட விடமாட்டேன் என்று.

அந்த ராத்திரி

இரண்டாம் வருடம், இடைப்பருவ மழைக் காலம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. பாடசாலைக்குப் பக்கத்து லயத்துப் பையன், மாலை ஆறேகாலுக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு போய் டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். தண்ணி 75ஐத் தாண்டியிருந்தது. காலையில் வெறும் போத்தல் என்பதால் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னான். அப்பா தோட்டத் தலைவருக்கும் எனக்கும் பேசினார். நான் வரும்போது மேல் லயத்திலிருந்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் நடந்து பார்த்த அதே பாதையால் வந்துகொண்டிருந்தார்கள். மண்டபத்தைத் திறந்துவிட்டோம். ஒன்பது குடும்பம். நடுச்சாமம் தாண்டி மழை நின்றது. காலை 8.30க்குப் போத்தலில் 118.

மலை எங்கும் சரியவில்லை. ஒரு பாதையோரக் கல் மட்டும் இறங்கியிருந்தது.

அன்று சில பேர் வேலைக்குப் பிந்திப் போனதில் முழுப் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போடவில்லை, அரைப் பேர்தான். ஒரு நாள் சம்பளத்தில் பாதி போவது எங்கள் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. கோபம் அந்தப் பையன் மேல் திரும்பியது. ‘மழைக் கணக்கப்பிள்ளை வர்றாரு’ என்று பாதையில் கிண்டல். அவன் அளக்க வரவில்லை. மூன்று நாள் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

இது நடக்கும் என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். 75 என்ற கோட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த நான், கோட்டைத் தாண்டினாலும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எச்சரிக்கை என்பது நடக்கும் என்ற வாக்கு இல்லை, நடக்கக்கூடிய வாய்ப்பு கூடியிருக்கிறது என்ற செய்தி. இதை 14 வயதுப் பிள்ளை ஊருக்கு விளக்க வேண்டும் என்று விட்டது என் குறை. பெற்றார் கூட்டம் வைத்தேன். கூட்டத்தில் நான் தயாரித்துப் போனதைவிட, கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா எழுந்து, மழைக்குக் கட்டும் படங்கை வைத்துச் சொன்னதுதான் எடுபட்டது. “நாம தெனமும் படங்கு கட்டிக்கிட்டுத்தானே மலைக்குப் போறோம். மழை பெய்யாத அன்னைக்குப் படங்கையா வைய்யிறோம்?” அந்தப் பையனின் அப்பா தலை நிமிர்ந்து உட்கார்ந்தார். அரைப் பேர் விஷயம் தீரவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, பேச வேண்டியவர்களிடம் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். போத்தலைவிட, யார் அளப்பது, அளந்ததை யாரிடம் சொல்வது, அவர் யாரிடம் சொல்வது என்பதைப் பெரியவர்களோடு உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் லயத்தில் இப்போது 75ஐப் பார்த்தால் பிள்ளை இரண்டு பெரியவர்களைக் கூட்டி வந்து காட்டுகிறது. அவர்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள்.

நாலாம் நாள் காலை மழைப் புத்தகத்தைத் திறந்தேன். அன்றைய அளவு எழுதியிருந்தது, 6. கையெழுத்து பையனுடையது இல்லை, பீலித் தண்ணிப் பிள்ளையுடையது. விடுபட்ட மூன்று நாட்களின் கட்டங்களையும் அவள் நிரப்பியிருந்தாள். பூச்சியமும் போடவில்லை, கோடும் போடவில்லை. மூன்றிலும் ‘அளக்கவில்லை’ என்று முழுச் சொல்லாக எழுதியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பையன் போத்தலைக் கவிழ்த்துத் தண்ணியை ஊற்றிவிட்டு, பூச்சியக் கோடு வரை திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தான்.